வௌவால் கடித்த மனிதர்

"பல்லைக் காட்டுங்க" என்றேன். மெத்தை விற்கும் கம்பெனியின் பன்னிரண்டு மேலாளர்கள் மரப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து எனக்குப் பல்லைக் காட்டினார்கள். காலை ஒன்பதரை மணிக்குப் பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் இளிப்பது அவ்வளவு சுகமான காட்சி இல்லை. இருந்தாலும் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே போனேன். ஓநாய் முகத்தருகே வந்து நிற்கும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டால் அதற்குப் பிடிக்காது. அதன் வீட்டு வழக்கப்படி, வந்தவர் வாயைத் திறந்து முன்பற்களை நக்கக் கொடுக்க வேண்டும், அதுதான் வணக்கம். கொடுத்துவிட்டால் இரண்டு நக்கு நக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். கொடுக்காமல் பின்னால் சாய்ந்தால், பேச்சின் நடுவே எழுந்து போகிறவனைச் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பது மாதிரி, முகத்தைப் பிடித்து நிறுத்தும். அதற்குக் கை கிடையாது. பற்கள்தான் உண்டு.

இதையெல்லாம் ஆறு வருஷமாக, வாரத்துக்கு ஐந்து நாள், இந்த மரக்குடிலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பு கீழே ஊரில் உள்ளூர் வானொலியில் பதினெட்டு வருஷம் வானிலை சொன்னேன். கொலராடோ மலையில் வானிலை சொல்கிறவன் நாளை நல்ல வெயில் என்று சொல்லிவிட்டு, மறுநாள் பனியில் புதைந்த வண்டியைத் தள்ளியபடி வேலைக்குப் போகிறவன். எதையும் நம்பிக்கையான குரலில் சொல்ல எனக்கு வரும். இந்த ஓநாய்க் காப்பகத்தை நடத்தும் மார்னி என்னை வேலைக்கு எடுத்ததும் அந்தக் குரலுக்காகத்தான். "இங்க வர்றவங்க ஓநாய்க்கும் பயப்பட மாட்டேங்குறாங்க, எனக்கும் பயப்பட மாட்டேங்குறாங்க. நீ சொன்னா ஏதோ அரசாங்கமே சொல்ற மாதிரி இருக்கு, வெர்ன்" என்றாள்.

அன்றைக்கு அவர்கள் பார்க்க வந்தது பீன்ஸ் என்ற ஓநாயை. நன்கொடையாளர் ஒருவர் ஏலத்தில் ஜெயித்து அதற்கு வைத்த பெயர் 'வடதிசையின் ஆன்மா'. வாசல் பலகையில் இன்னும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பால்புட்டியைப் பிடித்துக்கொண்டு 'வடதிசையின் ஆன்மாவே, ஏப்பம் விடு' என்று யாரால் சொல்ல முடியும்? கண் திறக்காத பத்து நாள் குட்டியாக வந்தபோது மார்னி தன் அறைத் தரையில் மெத்தை போட்டு ஆறு வாரம் அதோடு படுத்தாள். கண் திறந்ததும் பீன்ஸ் முதலில் பார்த்தது மார்னியின் மூக்கை. அப்படி வளர்த்தால்தான் மனிதர்களைத் தன் இனத்தில் ஏதோ நோஞ்சான் வகை என்று ஏற்றுக்கொள்ளும். ஒன்பது வருஷத்தில் பண்ணைக்காரர்களின் பிள்ளைகள், நீதிபதிகள், 'கண்டால் சுடுவேன்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் என்று எத்தனையோ பேரின் பற்களை அது நக்கியிருக்கிறது. சுடுவேன் என்று வந்தவர்களில் சிலர் போகும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

தொப்பி, கண்ணாடி, காதணி கழற்ற வேண்டும். வெளியே குழாயடியில் வாசனையில்லாத சோப்பால் முகம் கழுவ வேண்டும். கைபேசிகளைப் பெட்டியில் போட வேண்டும். படம் எங்கள் கேமராவில் எடுத்துத் தருவோம். பிறகு ஒரு தாளில் கையெழுத்து. அதில் பதினோராவது பத்தியை யாரும் படிப்பதில்லை என்பதால் அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்வேன். சொல்லத் தொடங்கினேன். "கடைசியா ஒரு விஷயம், இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்..."

"ஒரு நிமிஷம், நண்பரே." எழுந்து வந்தார் கோர்ட்லண்ட் ஹேஸ்.

இந்தப் பன்னிரண்டு பேரை அழைத்து வந்தவர் அவர்தான். மெத்தைக் கம்பெனி தன் மேலாளர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தர அவரை அமர்த்தியிருந்தது. ஆறடி இரண்டு அங்குலம். தோலில் தைத்த அரைக்கோட்டு. மார்பு வரைக்கும் இறங்கி, அங்கே போய் யோசித்து நின்றது போல ஒரு தாடி. "ரிஸ்க்கைப் பத்தி என் ஆளுங்களுக்குப் பாடம் வேணாம். ரெண்டு நாளா அதைத்தான் பண்றோம்" என்று சொல்லி, என் தோளில் கை வைத்து, என்னை மெதுவாக ஓரமாக நகர்த்தினார். என் குடிலில், நான் பாடம் எடுக்கும் பலகைக்கு முன்னால். "இன்னிக்கு நீங்க பார்க்கப்போறது ஒரு ஆல்ஃபா, கூட்டத்துக்கே தலைவன். அது உங்க கண்ணைப் பார்க்கும். உங்களுக்குள்ள ஒரு தலைவன் இருக்கானா இல்லையான்னு மூணு வினாடியில கண்டுபிடிச்சிடும்."

"அது பல்லுக்கு நடுவுல காலைச் சாப்பாடு இருக்கான்னு கண்டுபிடிக்கும்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த யெசேனியா என்ற பெண். ப்வெப்லோ நகரத்துக் கிளையைப் பார்த்துக்கொள்கிறவள். வந்ததிலிருந்து அந்தப் பெஞ்சின் உறுதியை மெத்தைக்காரியின் கண்ணோடு சோதித்துக்கொண்டிருந்தவள். அந்தச் சிரிப்பு எனக்கு மதுவைப் போல ஏறியது.

"ஓநாய்க் கூட்டம்னா அப்பா, அம்மா, பிள்ளைங்க. அவ்ளோதான்" என்றேன். "நீங்க சொல்ற ஆல்ஃபா இருக்காரே, அவரோட முக்கியமான வேலை, தின்னதை வாந்தி எடுத்துக் குட்டிங்களுக்கு ஊட்டறது. அந்தப் பயிற்சியும் உண்டா சார் உங்க கோர்ஸ்ல?"

பெஞ்சே குலுங்கியது. கோர்ட்லண்டும் சிரித்தார். ஆனால் சிரித்தது தாடி மட்டும்தான். "வாங்க, முகம் கழுவுவோம்" என்று கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போனார். பதினோராவது பத்தி என் வாயிலேயே நின்றுவிட்டது.

குழாயடியில் அவர் முகம் கழுவியதைப் பார்த்தேன். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாவற்றையும் கழுவினார். தாடிக்கு வந்ததும் ஈரக்கையால் மேலோட்டமாக ஒரு தடவு, அவ்வளவுதான். படம் எடுக்கப்போகிறார்கள் அல்லவா. துண்டு கொடுக்கப் பக்கத்தில் போனபோது எனக்கு வாசம் அடித்தது. மாட்டுக்கொழுப்பு. இப்போது தாடிக்காரர்கள் தகர டப்பாவில் வாங்கிப் பூசிக்கொள்கிறார்களே, அந்தக் களிம்பு. அவர் தாடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து இறைச்சிக் கடை மாதிரி மணத்துக்கொண்டிருந்தது. எனக்கே பசித்தது.

'சார், தாடியையும் சோப்புப் போட்டு' என்று சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. ஆறு வருஷத்தில் லிப்ஸ்டிக், வெயில் களிம்பு, தேங்காயெண்ணெய் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தலைவனைக் கண்டுபிடிக்க வரும் பீன்ஸ், பன்னிரண்டு மேலாளர்கள் பார்க்க, அந்தத் தாடியை எலும்புத் துண்டு மாதிரி நக்கித் தீர்ப்பதை என் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். அந்தக் காட்சியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. துண்டைக் கொடுத்தேன். "அருமையா இருக்கு சார்" என்றேன்.

பட்டிக்குள் வட்டமாகக் கிடந்த மரத்துண்டுகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்டோபர் மாதத்துக் குளிர் வெயில். ஆஸ்பென் இலைகள் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தன. மார்னி உள்கதவைத் திறந்ததும் பீன்ஸ் வெளியே வந்து நின்று, யாரையும் பார்க்காமல் காற்றை மட்டும் பார்த்தது. எப்போதும் அது இடமிருந்து வரிசையாக வரும். அன்று வரிசையாக வரவில்லை. வட்டத்தின் குறுக்கே நடந்து நேராகக் கோர்ட்லண்டிடம் போனது.

"பார்த்தீங்களா" என்று அவர் மெல்லிய குரலில் தன் ஆட்களிடம் சொன்னார். "அதுக்குத் தெரியுது."

பல்லைக் காட்டினார். பீன்ஸ் மரியாதைக்கு ஒரு தடவை பல்லை நக்கிவிட்டு, தாடிக்கு இறங்கியது. முதலில் நுனியை. பிறகு வேர்வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு, முன்காலைத் தூக்கி அவர் தொடையில் ஊன்றிக்கொண்டு. சளப் சளப் என்று சத்தம். தாடி ஒரு பக்கமாகச் சீவிய ஈரத் துடைப்பமாக மாறியது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யெசேனியா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த இருபது வினாடி என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான பொழுதுகளில் ஒன்று.

கோர்ட்லண்ட் தன் ஆட்களின் முகங்களைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. முதுகை நிமிர்த்தி, தலையைப் பின்னால் இழுத்து, எழுந்திருக்கப் போனார்.

பீன்ஸ் தாடையைக் கவ்வியது.

உறுமல் இல்லை, கோபம் இல்லை. குட்டி ஓடும்போது தாய் பிடிக்குமே, அந்தப் பிடி. "அசையாதீங்க" என்றாள் மார்னி, குரலே உயராமல். "மூச்சு விடுங்க. பீன்ஸ். பீன்ஸ்மா. போதும்." மூன்று வினாடி இருக்கலாம். பீன்ஸ் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்தவளின் பல்லைப் பார்க்கப் போனது. கோர்ட்லண்ட் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. தாடையில் தாடி பிரிகிற இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு, கடுகளவு, மெதுவாகப் பெரிதானதை மார்னி பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மீதிப் பேரை நினைவுப் பொருள் கடைக்கு அனுப்பிவிட்டு அவரைக் குடிலுக்குக் கூட்டிவந்தோம். கூடவே யெசேனியாவும் வந்தாள். கம்பெனியில் முதலுதவிப் பொறுப்பு அவளுடையதாம். மார்னி தாடியை விலக்கிக் காயத்தைச் சோப்பால் கழுவினாள். ஒரு பல் பட்ட இடம். தோல் கிழிந்திருந்தது. சவரம் செய்யும்போது இதைவிடப் பெரிதாக வெட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவர்கள் உண்டு.

"கழுவினாரா?" என்று என்னைக் கேட்டாள். வருகிறவர்கள் முகம் கழுவினார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு.

"கழுவினார்" என்றேன்.

 அவள் அலமாரியைத் திறந்து, கடித்ததைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தை எடுத்தாள். அதை அவள் எடுத்து அதற்கு முன்னால் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டிஸ் என்று ஓர் ஓநாய் இருந்தது. ஒரு பெண்மணியின் மணிக்கட்டில் அதன் பல் பட்டுக் கீறிவிட்டது. மார்னியே சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள், மார்னியே ஓட்டிஸை அவர்களின் வண்டியில் ஏற்றிவிட்டு, கூடவே போனாள். நாய்க்குப் போடும் ரேபீஸ் தடுப்பூசியைத்தான் ஓநாய்களுக்கும் வருஷா வருஷம் போடுகிறோம். ஆனால் அது ஓநாய்க்கென்று அங்கீகரிக்கப்படாத ஊசி. அதனால் எங்கள் மாவட்டத்துச் சட்டத்தின் கண்ணில் இவை ஊசியே போடாத மிருகங்கள். நாய் கடித்தால் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பார்கள். ஓநாய் கடித்தால் மூளையைப் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கும் மிருகத்தின் மூளையைப் பார்க்க வழியில்லை. நான்கு நாள் கழித்து ஓட்டிஸுக்கு நோய் எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. பதினோராவது பத்தியில் எழுதியிருப்பது இதுதான்.

கோர்ட்லண்டுக்கு இது எதுவும் தெரியாது. அவர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பளபளத்தது. "அது என்னை அடையாளம் போட்டிருக்கு. புரியுதா உங்களுக்கு? பன்னிரண்டு பேர்ல என்னை மட்டும். அந்தப் படம் எனக்கு இப்பவே வேணும். தழும்பு நிக்குமா?"

"மார்னி, நீ கொஞ்சம் வெளில இரு" என்றேன். அவள் படிவத்தோடு வாசலுக்குப் போனாள்.

நான் பதினோராவது பத்தியைச் சொன்னேன். இரண்டு மணி நேரம் தாமதமாக, என் வானொலிக் குரல் இல்லாமல். சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியை விட்டு இறங்கிவந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தலையையா?"

"ஆமா."

"இந்தக் கீறலுக்கா?"

"ஆமா சார்."

 பிறகு இன்னொரு பயம் அவர் முகத்தில் வந்தது. "அப்ப எனக்கு ரேபீஸ் வருமா?"

"வராது. ஆனா வராதுன்னு நான் சொல்றதை நம்பி நீங்க வீட்டுக்குப் போகக்கூடாது. ஊசி போட்டுக்கணும். ரெண்டு வாரத்துல நாலு தடவை. இன்னிக்கே தொடங்கணும்." அதோடு நிறுத்த முடியாமல் மீதியையும் சொன்னேன். "ஆஸ்பத்திரியில எது கடிச்சதுன்னு கேப்பாங்க. சொன்னீங்கன்னா அவங்க சாயங்காலத்துக்குள்ள சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிச்சே ஆகணும்."

யெசேனியா சுவரில் சாய்ந்து நின்று கையிலிருந்த பஞ்சைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "வௌவால்" என்றாள்.

"என்ன?"

"எங்க மாமியார் வீட்டுப் பரண்ல வௌவால் இருந்துச்சு. ஒண்ணு இறங்கி வந்து மாமனார் காதைக் கடிச்சிட்டுப் பறந்து போயிடுச்சு. கேள்வியே கேக்காம ஊசி போட்டாங்க. பறந்து போனதை எப்படிப் பிடிச்சுச் சோதிக்கிறது?"

கோர்ட்லண்ட் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் ரெண்டு நாளா இவங்க முன்னாடி நின்னு உண்மையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். வெளிப்படையா இருக்கறதைப் பத்தி." தாடையைத் தொட்டுக் காட்டினார். "என்னை ஓநாய் கடிச்சிருக்கு. நான் போய் வௌவால்னு சொல்லணுமா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் இதற்கு என்னிடம் நான்கு பதில் தயாராக இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன். உலர்ந்துகொண்டிருந்த தாடி கொத்துக்கொத்தாக நின்றது. மிக மெதுவாகக் கையால் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார், அப்படிச் செய்வது தெரியாமலே.

"சார், தப்பு பீன்ஸ் மேல இல்ல. உங்க மேலயும் இல்ல" என்றேன். "உங்க தாடியில மாட்டுக்கொழுப்பு வாசம் வந்துச்சு. குழாயடியிலேயே எனக்குத் தெரியும். கழுவச் சொல்லியிருக்கணும். வேணும்னேதான் சொல்லல."

"வேணும்னேயா? ஏன்?"

"உங்க ஆளுங்க சிரிக்கட்டும்னு."

 "மூணு மணி நேரம்கூட ஆகல நாம சந்திச்சு. அதுக்குள்ள என்னை அவ்ளோ வெறுத்துட்டீங்களா?"

"வெறுப்பெல்லாம் இல்ல சார். ஒரு வேடிக்கைக்குத்தான்."

"அது இன்னும் மோசம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, "காலைல அரை மணி நேரம் சீவினேன் இதை" என்றார்.

வாசலில் பலகை கிரீச்சிட்டது. மார்னி வெளியே போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வந்து, படிவத்தை மேசையில் வைத்து, அது பறக்காமலிருக்கப் பேனாவை மேலே வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. கோர்ட்லண்டின் எதிரே நின்று, "மிஸ்டர் ஹேஸ், நான் உங்களை எதுவும் சொல்லச் சொல்லமாட்டேன். சொல்லாதீங்கன்னும் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கண்டிப்பாப் போங்க" என்று சொல்லிவிட்டு, பீன்ஸின் பட்டிப் பக்கம் நடந்தாள்.

யெசேனியாதான் வண்டி ஓட்டினாள். ஏறும் முன் என்னிடம் வந்து நின்றாள். "நானும் சிரிச்சேன்" என்றாள். "எல்லாருக்கும் முன்னாடி." நான் அவளுக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். கோர்ட்லண்ட் முன்சீட்டில் உட்கார்ந்து தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓநாயை விட்டுக்கொடுப்பாரா, தன் கதையை விட்டுக்கொடுப்பாரா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வண்டி வளைவில் மறைந்தது.

மத்தியானம் முழுக்க நான் இறைச்சி வெட்டினேன். வண்டியில் அடிபட்டுச் செத்த கலைமான் ஒன்று வந்திருந்தது. மார்னி பட்டிக்குள் பீன்ஸோடு உட்கார்ந்திருந்தாள். தடவவில்லை, பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஒரு தடவை காப்பி கொண்டுபோய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "அங்க வெச்சிட்டுப் போ" என்றாள். அது ஆறிப்போய், மேலே ஓர் ஆஸ்பென் இலை மிதக்கும் வரை அங்கேயே இருந்தது. மேசையில் படிவம் வெறுமையாகவே கிடந்தது. அதை நிரப்பிவிட்டால் பீன்ஸ் செத்துவிடும். நிரப்பாமலிருந்து உண்மை வெளியே வந்தால் மார்னியின் உரிமம் போய்விடும்; அப்புறம் மற்ற பதினாறு ஓநாய்களையும் யார் வைத்துக்கொள்வது? இதில் எது நடந்தாலும் எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. 

நாலரை மணிக்குச் சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய், இங்கே திடீரென்று சாம்பல் நிறமானபோது, சுகாதார அலுவலகத்தின் வெள்ளை வண்டி மேலே ஏறி வந்தது. லுவெல்லா இறங்கினாள். இந்த மாவட்டத்துக்குச் சுகாதார அதிகாரி அவள் ஒருத்திதான். கிணற்றுத் தண்ணீர், கெட்ட இறைச்சி, கடித்த மிருகம் எல்லாம் அவள்தான். ஓட்டிஸுக்கு வந்ததும் அவள்தான்.  பட்டிக்குள் மார்னி எழுந்து நின்றாள். லுவெல்லா வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே குனிந்து, எதையோ இழுத்தாள். ஏணி.

ஓநாயைக் கொண்டுபோக வருகிறவள் ஏணி எடுத்து வரமாட்டாள். 

"எங்கே உன் வௌவால்?" என்றாள்.

"குடிலுக்குள்ள" என்றேன். என் வானொலிக் குரல் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. "கூரையில. காலைல."

"அந்த ஆள் பாவம். தாடியை முழுசா எடுத்துட்டாங்க. காயத்துக்குள்ளயே ஊசி போடணுமே. தாடி இல்லாம ஏதோ ஸ்கூல் பையன் மாதிரி இருந்தாராம், நர்ஸ் சொன்னா." ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். "ஆனா கதை கொஞ்சம் பெருசா இருக்கு. வௌவால் சர்ருன்னு இறங்கி தாடையில உக்காந்துச்சாம். கூட்டத்துல எல்லாரும் அலறினாங்களாம். இவர் மட்டும் நடுங்காம ரெண்டு கையாலயும் அதைப் பிடிச்சு, வெளில போய், 'போ, சுதந்திரமா இரு'ன்னு விட்டாராம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மனிதர் பீன்ஸுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். தாடியைக் கொடுத்திருக்கிறார், ஓநாய் கடித்த பெருமையைக் கொடுத்திருக்கிறார். ஒரு வௌவாலையாவது கையால் பிடிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"ரெண்டு கையால பிடிச்சிருக்கார்" என்றாள் லுவெல்லா. "கையில ஒரு கீறல்கூட இல்ல. சரி, விடு. அக்டோபர் கடைசி, ஒன்பதாயிரம் அடி உயரம், பட்டப்பகல். முப்பது வருஷமா இந்த மலையில வேலை பார்க்கிறேன், இந்த மாசத்துல இங்க நான் ஒரு வௌவாலைப் பார்த்ததில்ல. நீ பார்த்தியா வெர்ன்?"

"பார்த்தேன்."

"என் மக கல்யாணத்தன்னிக்கு நல்ல வெயில்னு ரேடியோவுல சொன்னதும் நீதான்" என்றாள். "ஆலங்கட்டி கேக்கைத் துளைச்சிடுச்சு."

குடிலுக்குள் கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. மேசை மேலே படிவம் கிடந்தது. நான் அதன் மேல் என் தொப்பியை வைத்தேன். லுவெல்லா ஏணியைப் பின்சுவரில் சாய்த்தாள். தரை சமமில்லாததால் அது ஆடியது. "மார்னி! கொஞ்சம் வந்து பிடி. இவன் பிடிச்சா விழுந்துடுவேன்." மார்னி வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள். என்னைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. சுவரைத் தாண்டுவது மாதிரி தாண்டினாள். லுவெல்லா ஏறி, உத்தரத்துக்கு மேலே தலையை நுழைத்து, கைவிளக்கை அடித்தாள். அதன் வெளிச்சம் பலகை பலகையாக நகர்ந்தது. சிலந்தி வலை. பழைய குளவிக்கூடு. ஒரு துண்டுத் தகரம்.

"எச்சமே இல்லையே" என்று மேலிருந்து குரல் வந்தது. "வௌவால் இருந்தா கீழ எச்சம் இருக்கும். ஒரு பொட்டுகூட இல்ல."

விளக்கு இன்னொரு தடவை மூலைமூலையாகப் போய்வந்தது.

"வெர்னை நான் கேக்கல. அவன் எதை வேணும்னாலும் பார்ப்பான். மார்னி, உன்னைக் கேக்கறேன். ஓட்டிஸ் விஷயத்துல நீயேதான் போன் பண்ணின. உன் வார்த்தை எனக்குப் போதும்." விளக்கு அசையாமல் நின்றது. "காலைல இங்க வௌவால் இருந்துச்சா?"

மார்னி ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.  அவள் மேலே பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சின்னச் சன்னல் வழியாகப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். லுவெல்லாவின் கைவிளக்கு ஒளி சுவர்ப் பலகைகளின் இடுக்கில் நுழைந்து, வெளியே சாம்பல் நிற மண்ணில், ஒரு நாணயம் அளவுக்கு விழுந்துகிடந்தது. பீன்ஸ் அதன் முன்னால் வந்து நின்று, காதை முன்னுக்கு நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதைக் கவனித்தது. பிறகு வலது முன்காலைத் தூக்கி, மெதுவாக, அதன் மேல் வைத்து அமுக்கியது. காலை எடுத்துப் பார்த்தது. ஒளி அங்கேயே இருந்தது. மறுபடியும் வைத்தது. இப்போது ஒளி பாதத்தின் மேலே இருந்தது.